‘அசல்’ காஞ்சிப் பட்டு: கோர்வை, கூலி, குலம்

காஞ்சிபுரம் புடவை அசலா போலியா என்று தெரிந்துகொள்ள, முதலில் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். உடலும் கரையும் சேரும் இடம்தான் முக்கியம். உடல் மஞ்சள், கரை அரக்கு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நெசவில் குறுக்கு இழையான ஊடு நூல் ஒன்றே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடும். அதனால் அரக்குக் கரைக்குள் மஞ்சள் இழை புகுந்து நிறம் கொஞ்சம் கலங்கிவிடும். கோர்வைப் புடவையில் அப்படி ஆகாது. ஊடு நூலைச் சுமந்து ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள். உடலின் இழை கரையின் எல்லை வரை வந்து, கரையின் இழையோடு கோர்த்துக்கொண்டு திரும்பிவிடும். மறுபக்கத்தில் விரலால் தடவினால் அந்த எல்லையில் மேடு தட்டும். ‘புடவை கிழிந்தாலும் கரை பிரியாது’ என்று நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வது இந்தக் கோர்வையை வைத்துத்தான்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஓட்டு வீடு. கூடத்தில் பாதியைத் தறியே எடுத்துக்கொண்டிருந்தது. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, மிதியில் பாதம் வைத்து, விளிம்பில் உட்கார்ந்திருந்தார் நெசவாளர். வலப்பக்கக் கரைக்கு அவர் மனைவி. இவர் நாடாவை விட்டதும் அந்த அம்மா கரை நாடாவை எடுத்து, இழையைக் கோர்த்து, திருப்பி விடுகிறார். பேச்சு இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுகூட இல்லை. அரை மணி நேரம் நின்றேன். துணி நான்கு விரற்கடை ஏறியிருந்தால் அதிகம். “இவ ஊருக்குப் போயிட்டா எனக்கும் லீவுதான் தம்பி. ஒத்தக் கையில கோர்வை வராது” என்றார் அவர்.

முந்தி வேறு நிறமாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. உடலின் பாவு இழைகளை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளை, முந்தியின் நிறத்துப் பாவு இழைகளோடு இணைத்து மாற்ற வேண்டும். பிட்னி என்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்; ஒன்று தப்பினாலும் துணியில் கோடாகத் தெரியும். வழக்கமாக ஒரு பாவில் மூன்று புடவை வரும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளோ இருபது நாளோ ஆகும், சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

சரி, இவ்வளவு உழைப்பை ஒரு பெயருக்குள் எப்படிப் பூட்டி வைப்பது? அதற்குத்தான் புவிசார் குறியீடு: ஓர் ஊரின் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரிமையாக்கும் பதிவு. அந்தச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. 2004இல் டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவானது. காஞ்சிபுரம் பட்டு 2005இல். பதிவு பெற்ற ஊர்ப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தி விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. இதோடு பட்டு நூலுக்கு சில்க் மார்க், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க், 2015 முதல் இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் என்று முத்திரைகள் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன.

இந்த முத்திரைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. இது வாங்குபவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. சில்க் மார்க் இருந்தால் நூல் பட்டு என்று அர்த்தம். கையால் நெய்தது என்று அர்த்தமில்லை. விசைத்தறியில் நெய்த சுத்தப் பட்டுக்கும் சில்க் மார்க் வாங்கலாம். சரிகையைப் பற்றியும் அது பேசாது. தமிழ்நாடு அரசின் சரிகை நிறுவனம் தயாரிக்கும் சரிகையில் வெள்ளி 40 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம், மிச்சம் செம்பும் பட்டு நூலும். கடையில் மின்னுகிற சரிகையெல்லாம் இந்த ரகமில்லை. செம்புக் கம்பியில் முலாம் பூசியதும் உண்டு, வெறும் பிளாஸ்டிக் ஜிகினாவும் உண்டு.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அக்காவின் முகூர்த்தப் புடவைச் சரிகை சில வருஷத்தில் கறுத்துவிட்டது. எடுத்த கடையின் பெயர் இங்கே வேண்டாம். பில்லில் ‘சுத்தப் பட்டு’ என்று இருந்தது, அது உண்மைதான். சரிகையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பழைய சரிகை எடுப்பவரிடம் அம்மா கொண்டுபோனபோது, அவர் ஓரத்தில் ஒரு இழையைப் பிரித்து நெருப்பில் காட்டி, நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “செம்பும்மா, வெச்சுக்கங்க” என்று மடித்துக் கொடுத்துவிட்டார். அம்மா அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து எடுத்த புடவை அது.

ஆகவே சோதனைகள் வேண்டும், முத்திரைகள் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘அசல்’ என்ற சொல் அதோடு நிற்பதில்லை. விளம்பரத்துக்குள் நுழைந்ததும் அது ‘பரம்பரை’, ‘தலைமுறை தலைமுறையாக’, ‘மாறாத மரபு’ என்று விரிந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மாறாத மரபு என்று ஒன்று காஞ்சிபுரத்தில் இருந்ததில்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகைக்கு சூரத்தை நம்பித்தான் ஊரே நீண்ட காலம் இருந்தது. உள்ளூரில் அரசு சரிகை ஆலை வந்தது 1970களில்தான். பூ வேலைக்குத் தறியின் மேலே தொங்கி, டிசைனுக்கு வேண்டிய பாவு இழைகளைத் தூக்கிக்கொடுக்கும் ஜக்கார்டு கருவி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவானது. அதற்கு முன்பு ‘அடை’ கட்டி, பக்கத்தில் ஓர் ஆள் கயிற்றை இழுத்துக் கொடுக்க நெய்தார்கள். தாழம்பூ ரேக்கு, வைர ஊசி, ருத்ராட்சம், அன்னபட்சி என்று இன்று ‘பழைய டிசைன்’ என்று நாம் கேட்டு வாங்குவதில் ஒரு பகுதி, 1930களின் இறுதியில் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் நெசவுக் கூடம் தொடங்கி, பழைய புடவைகளைத் தேடிப் பார்த்து மறுபடி நெய்ய வைத்ததால் உயிர்பெற்றது. ஒருவர் முனைந்து தேடி மீட்டெடுத்த மரபு அது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. கைவேலை உயிரோடு இருந்தால் மாறிக்கொண்டுதான் இருக்கும்.

இன்றைய சர்ச்சை ஒன்றைப் பாருங்கள். ஜக்கார்டைத் தூக்க ஒவ்வொரு முறையும் மிதியை அழுத்தியாக வேண்டும். பெரிய டிசைன் என்றால் கனம் அதிகம். நாற்பது வயதுக்குள் முழங்காலும் இடுப்பும் போய்விடும். தூக்குவதற்கு மட்டும் ஒரு சின்ன மோட்டார் வைத்துக்கொண்டால் என்ன? நாடா விடுவதும் கோர்வை போடுவதும் கையால்தானே? ‘வைத்துக்கொள்ளட்டும்’ என்பதுதான் என் முதல் பதில். ஆனால் சட்டத்தின் பக்கம் வந்தால் இது கத்திமேல் நடப்பது மாதிரி.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது. முதலில் 22 ரகங்கள். பிறகு 11 ஆகக் குறைந்தன. புடவையும் வேட்டியும் பட்டியலில் உண்டு. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அந்தச் சட்டத்தில் கைத்தறி என்றால் ‘விசைத்தறி அல்லாத எந்தத் தறியும்’. அவ்வளவுதான். 2012வாக்கில், நெசவில் ஏதாவது ஒரு வேலை கையால் நடந்தாலே அதைக் கைத்தறி என்று கொள்ளலாம் என்ற யோசனை மத்திய திட்டமிடல் மட்டத்தில் வந்தது. நெசவாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, யோசனை நின்றது. அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. முழங்காலைக் காப்பாற்ற வைக்கிற மோட்டாரும், நெசவாளரையே தேவையில்லாமல் ஆக்குகிற மோட்டாரும் சட்டத்தின் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். வேலையைக் குறைக்கும் கருவியை யார் கேட்கிறார்கள், தறியில் உட்கார்ந்திருப்பவரா, தறிக்கு வெளியே இருப்பவரா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி அரசியலுக்கு வருவோம். இந்த நாட்டில் துணி வெறும் துணியாக இருந்த காலம் குறைவு.

1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில், மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி அரையாடைக்கு மாறினார். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இன்று கதர் கடை இருக்கிறது. கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்தியது. துணியைக் குறைத்துக்கொண்டது அதற்கு அவர் தந்த பதில். கைத்தறி விலை யாருக்குக் கட்டுப்படியாகும் என்ற கேள்வி அப்போதே இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, காங்கிரஸ் உறுப்பினர்கள் மாதம் 2000 கஜம் நூல் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. தன்னால் நூற்க முடியாதவர், விருப்பமில்லாதவர், வேறொருவர் நூற்றதைக் கொடுக்கலாம் என்று அந்த விதியிலேயே வழியும் வைத்திருந்தார்கள். கையுழைப்பு அடையாளமாக மாறும்போது, உழைக்கும் கை ஒன்றாகவும் அடையாளத்தை அணியும் உடம்பு வேறொன்றாகவும் பிரிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டே நூற்பு கட்டாயம் இல்லை என்று ஆனது.

நூறு ஆண்டு கழித்து அதே பிரிவு கொடியில் தெரிந்தது. தேசியக் கொடி கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் இருக்க வேண்டும் என்பது நீண்ட கால விதி. 2021 டிசம்பர் 30 அன்று கொடி விதிகள் திருத்தப்பட்டு, இயந்திரத்தில் செய்ததும் பாலியஸ்டரும் அனுமதிக்கப்பட்டன. மறு ஆண்டு ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏற்றும் இயக்கம் நடந்தது. தர முத்திரையோடு கதர்க் கொடி தயாரித்துவந்த கர்நாடகத்தின் ஹூப்ளி பெங்கேரியிலுள்ள கதர் அமைப்பு இந்தத் திருத்தத்தை எதிர்த்தது. கோடிக்கணக்கில் கொடி வேண்டுமென்றால் கதரில் முடியாது என்பது அரசுத் தரப்பு நியாயம். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஆகஸ்ட் 7ஐ தேசியக் கைத்தறி நாள் என்று 2015இல் சென்னையில் வைத்து அறிவித்ததும் இதே அரசுதான். 1905இல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் என்பதால் அந்தத் தேதி. நெசவாளர்களின் குரல் கொஞ்சமாவது கேட்ட அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020இல் கலைத்தபோது, அந்த ஆண்டின் கைத்தறி நாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. இங்கே நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. தேர்தல் வந்தால் கட்சிக் கரை வேட்டி வியாபாரம் ஈரோட்டில் களைகட்டும். அதில் கைத்தறி எத்தனை என்று எந்தக் கட்சியிலும் யாரும் கேட்பதில்லை.

ஆனால் தமிழக அரசியலில் 1953 என்று ஒரு வருஷம் இருக்கிறது. இந்தப் பிரச்சினையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொரு வருஷம் எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு கைத்தறி பெரும் நெருக்கடியில் இருந்தது. நெசவாளர்கள் பட்டினியில் கிடந்தார்கள். திராவிட முன்னேற்றக் கழகத்தார் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவே திருச்சி வீதியில் விற்றார். அன்றைய முதலமைச்சர் ராஜாஜியும் கைத்தறிக்கு எதிரியல்ல. வேட்டியையும் புடவையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடியவர் அவர். துணி விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதே 1953இல்தான் ராஜாஜி அரசு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும். மிச்ச நேரம் அப்பா அம்மா செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது திட்டம். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954இல் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

கைத்தறித் துணியைச் சுமந்து விற்றவர்களே, நெசவாளர் மகன் தறியில்தான் உட்கார வேண்டும் என்பதை எதிர்த்தார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. தொழிலைக் காப்பாற்றுவது ஒன்று, தொழிலைப் பிறப்போடு கட்டிப்போடுவது இன்னொன்று. இந்த வேறுபாட்டை அன்று கூட்டத்தில் நின்ற சாதாரண மனிதர்களுக்கும் புரியும்படி பேசினார்கள்.

எழுபது ஆண்டு கழித்து அதே விவாதம் திரும்ப வந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்களுக்குப் பயிற்சி, கருவிகள், 5 சதவீத வட்டியில் 3 லட்சம் ரூபாய் வரை கடன். குடும்ப வழியாகத் தொழில் செய்பவர் என்ற நிபந்தனையை நீக்கி, 18 வயது என்ற குறைந்தபட்ச வயதை 35 ஆக்கினால் ஒழிய ஏற்க மாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு கடிதம் எழுதியது. பிறகு 25 தொழில்களோடு கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றை 2025இல் தொடங்கியது. அதில் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. 18 வயதுப் பையனைக் கல்லூரியில் சேரவிடாமல் கடன் கொடுத்து அப்பா தொழிலில் உட்காரவைக்கக் கூடாது என்பது மாநிலத்தின் வாதம். பரம்பரைக் கைவினைஞருக்கு உதவி கிடைப்பதை அரசியலுக்காகத் தடுக்கிறார்கள் என்பது எதிர்வாதம். கடனுக்காகக் காத்திருக்கும் ஒரு தச்சரின் இடத்திலிருந்து பார்த்தால் எதிர்வாதத்திலும் வலி இருக்கிறது. இருந்தாலும் அடிப்படை விஷயத்தில் மாநிலம் பிடித்த பக்கம்தான் சரி என்பது என் எண்ணம்.

ஏனென்றால், திறமை ரத்தத்தில் வருவதில்லை. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெசவுச் சாதிகளைச் சேராத பலரும் தறியில் உட்கார்ந்து நெடுநாளாகிறது. அவர்கள் போடும் கோர்வையும் கோர்வைதான். சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் நெசவைப் பாடமாகவே கற்றுக்கொடுக்கிறது. கற்க ஆள் இல்லை என்பதல்ல சிக்கல், கற்றவர் தங்குவதில்லை. ஏன் தங்கவில்லை என்பதற்கு 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது: நாடு முழுவதும் நெசவாளர் குடும்பங்களில் 66 சதவீதத்துக்கு மேல் மாதம் 5000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதித்தன. 1995இல் சுமார் 65 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் அந்தக் கணக்கெடுப்பில் 35 லட்சமாகிவிட்டார்கள். காஞ்சிப் பட்டுக்குக் கூலி சராசரியைவிட மேல்தான். ஆனால் ஒரு தறிக்கு இரண்டு பேர் உழைப்பு, கூலி ஒன்று. அந்த அம்மாவின் கோர்வைக்குத் தனிக் கணக்கு யாரிடமும் இல்லை.

அந்த வலப்பக்க இருக்கையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1990களில் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் நிறையப் பேர் சிறுபிள்ளைகள். அப்பா வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்குப் போகாமல் காலையிலிருந்து இரவு வரை நாடா விட்ட ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். அரசும் தொண்டு நிறுவனங்களும் பல ஆண்டு போராடித்தான் அவர்களை வகுப்பறைக்குக் கொண்டுபோக முடிந்தது. அன்று அவர்கள் கோர்த்த புடவைகளும் எல்லாச் சோதனையிலும் தேறும். பட்டு சுத்தம், சரிகை சுத்தம், நெசவு கை நெசவு. அம்மாக்களின் பீரோக்களில் அவற்றில் சில இன்னும் இருக்கக்கூடும். ‘அசல்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் கிளம்பும் முன் கேட்டேன், பிள்ளைகள் நெசவு பழகினார்களா என்று. மகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள், கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும் என்றார். அவர் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தார்: “அவளுக்கும் கோர்வை நல்லா வரும். நான்தான் வேணாம்னுட்டேன்.”

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் புடவை எடுக்கப் போனோம். விற்பனைப் பையன் நன்றாகத் தெரிந்தவன். புடவையைத் திருப்பிப் போட்டு கோர்வையைக் காட்டினான், பிட்னியைக் காட்டினான், சரிகையைக் கருவியில் வைத்து வெள்ளி எத்தனை சதவீதம் என்று காட்டினான், எடை போட்டுக் காட்டினான். “இதுக்கு நெசவுக் கூலி எவ்வளவு தம்பி?” என்று கேட்டேன். அவன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தான். அதில் இல்லை. மேலாளரைக் கூப்பிட்டான். அவர் புடவையை வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை சார்” என்றார்.